பன்னிரண்டாவது மரத்துக்கு இடமில்லை

எபநேசர் பாளையங்கோட்டையிலிருந்து கூப்பிட்டார்.
ஆவணி இதழுக்குத் தலைப்பு நிழல்.
இருபத்துநாலு வரி, அதற்குக் கீழே
பஸ் பாடி கட்டும் கம்பெனி விளம்பரம்.
'மரம் மட்டும் வேண்டாம் வே,
பதினோரு பேர் மரத்தை அனுப்பியாச்சு.'

நான் மின்வாரியத்தில் கணக்கெடுப்பவன்.
பணகுடிக்குத் தெற்கே ஊர் ஊராய்,
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீடும்.
சும்மா கிடந்த சொல்லை ஒருவர் எடுத்துக் கையில் தந்து
இதை எழுது என்றதும்
அது செருப்பின் அடியில் ஏறிய நெருஞ்சி.
எட்டு வைக்கும்போதெல்லாம் இருக்கேன் என்கிறது.
டீக்கடைத் தார்ப்பாய்க்குக் கீழே நிழல்,
டிரான்ஸ்பார்மருக்குக் கீழே,
மேய்கிற ஆட்டின் வயிற்றுக்குக் கீழே.
கண்ட இடமெல்லாம் கிடந்தது.
ஒன்றும் என்னிடம் பேசவில்லை.

முதலில் அப்பாவை எழுதினேன்.
அப்பா வந்ததும் நிழல் போய்விட்டது,
அவர் வாங்கிய கடன் மட்டும் நின்றது.
பிறகு நிழல்தாங்கல் என்று எழுதினேன்.
தலைப்பாகை கட்டிய ஆட்கள்
உச்சி வெயிலில் வந்து கும்பிடும் இடம்.
சொல்லே பாதிக் கவிதை,
மீதிப் பாதிக்கு நான் எதற்கு? அடித்தேன்.
வியாழன் இரவு பதினேழு வரி.
விடிந்து வாசித்தால் பதினேழிலும்
பெயர் சொல்லாமல்
ஒரு மரம் நின்றுகொண்டிருந்தது.

அன்றைக்குக் கடைசி வீடு லெவிஞ்சிபுரத்து ஓரம்.
மேற்கே காற்றாலை. ஆடிக் காற்று
மண்ணை வாரிப் பல்லில் போட்டது.
நாலரைக்கு இறக்கையின் நிழல்
வாசலில் ஏறி, நடையைத் தாண்டி,
எதிர்ச்சுவரில் விழுந்தது, எழுந்தது, விழுந்தது.
பொன்னுமலர் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.
இருட்டினால் விரல் நிற்கும்,
வெளுத்தால் ஒரு கல்.
பேச்சும் அப்படித்தான்.
'கரண்டு இங்கன இருந்துதான்
போவுது.
எனக்கு பில்லு மட்டும்
வருது.'
கறுப்பு நாய் ஒவ்வொரு இறக்கையையும் குரைத்தது.
'ஒண்ணையும் விடாது. ராத்திரிதான் அதுக்கு லீவு.'

மீட்டருக்கும் அதே கதி.
ஒரு வெளிச்சத்தில் நாலு,
மறு வெளிச்சத்தில் ஒன்று,
ரெண்டுக்காகக் காத்து நின்றேன்.
அந்தக் காத்திருப்பில்தான் முதல் வரி வந்தது.
ஊர் எல்லையில் வண்டியை நிறுத்தி
பெட்ரோல் டாங்கின் மேல் தாளை வைத்து,
பறக்காமல் முழங்கையால் அழுத்தி,
நின்று நின்று எழுதினேன்.
இருபத்துநாலும் வந்தது. இருபத்தைந்தாவதும் வந்தது,
பஸ் பாடிக்காரருக்காக அதை விட்டுக்கொடுத்தேன்.

எபநேசர் சிரித்தார்.
'எல்லாம் சரி வே, நிழல்ங்கிற சொல்லு எங்க?'
தேடினேன். இல்லை.
எந்தத் தெருவில் உதிர்ந்ததோ,
செருப்பைத் திருப்பினால் முள் இருந்த ஓட்டைதான்.
'கெடக்கட்டும்' என்று போட்டுவிட்டார்.

புரட்டாசிக் கடைசியில் மறுபடி போனேன்.
இதழ் பையில் இருந்தது,
அவளிடம் காட்டலாமென்று
கொஞ்சம் வெட்கத்தோடு.
காற்று செத்திருந்தது.
சூரியன் தெற்கே ஒதுங்கியதில்
நிழல் வீட்டை விட்டு இறங்கி,
துவைக்கல் பக்கம்
ஒரே ஒரு இறக்கையாய் அசையாமல் கிடந்தது.
அதன் மேல், இந்தத் தலைக்கும் அந்த வாலுக்கும் அளவெடுத்ததுபோல்,
நாய் நீட்டிப் படுத்துத் தூங்கியது.
பொன்னுமலர் உதட்டில் விரல் வைத்தாள்.

முந்நூற்று எண்பது யூனிட் என்று
ரகசியம்போல் சொன்னேன்.
பையைத் திறக்கவில்லை.
அதற்குள், பதினோரு மரங்களுக்கு நடுவில்,
அது இன்னும் குரைத்துக்கொண்டிருந்தது.